தாசில்தார் ஜீப்பின் கட்-அவுட்

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்குகிறது என்று யாராவது கடைக்கு வந்து சொன்னால் நான் இன்றைக்கும் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவேன். செல்ஃப் சுற்றவில்லையா, ஹாரன் அடிக்கவில்லையா, லைட் மங்குகிறதா, எதுவானாலும் கொண்டு வாருங்கள், டீ ஆறுவதற்குள் காரணம் சொல்லிவிடுவேன். ஆனால் ஓடாமல் நிற்கிற வண்டிக்குள் சத்தமில்லாமல் நடக்கிற திருட்டு வேறு சமாச்சாரம். டெல்டாவிலும், பிறகு துபாயிலும் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக ஓர் ஆயுளைக் கழித்தவன் நான். எத்தனையோ வண்டி பார்த்தாயிற்று. கனவில் வருவது ஒரே ஒரு ஜீப்தான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். குடவாசலில் பஸ் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு போதும். எழுபதுகளின் பிற்பகுதி. கடைத்தெருவில் பள்ளிவாசலுக்கு எதிரே எனக்கு ஒரு தகரக் கொட்டகை. டைனமோ, செல்ஃப், பேட்டரி சார்ஜ். என் பெயர் காதர் என்பது என் வீட்டுக்குத்தான் தெரியும், ஊருக்கு நான் 'பேட்டரி பாய்'. தாலுகா ஆபீஸ் ஜீப்புக்கும் நான்தான் வைத்தியன்.

அறுப்புக்கு நின்ற வயல்

அந்தத் தை மாதம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பதற்றம். சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாள் எடுப்போம் என்றார்கள் விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்கள். முடியாது, வெளியூர் ஆளை வைத்து அறுத்துக்கொள்கிறோம் என்றார்கள் மிராசுதார்கள். வெளியூர் ஆள் வயலில் இறங்கினால் உள்ளூர் ஆள் வரப்பில் வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் கம்பு, கல், போலீஸ் வேன். பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கி, பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்தார்கள்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேசி முடிப்பது தாசில்தார் வேலை. அவருக்கு ஒரு ஜீப். ராணுவம் கழித்துப் போட்டது மாதிரி இருக்கும். பானெட் கீல் துருவேறிப்போய், இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் தூக்கி முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் 'டமார்' என்று சாய்த்தால்தான் திறக்கும். டேஷ்போர்டில் இருக்கும் அம்மீட்டர் முள், அதாவது கரண்ட் உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று காட்டும் முள், எப்போதோ உயிரை விட்டிருந்தது. வேறு வாங்கிப் போடுங்கள் என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

ஜீப்பை ஓட்டியவர் மாரிமுத்து. காலனியிலிருந்து படித்து லைசென்ஸ் எடுத்து அரசாங்க வண்டியில் ஏறிய முதல் ஆள். அப்போதும் தற்காலிக வேலைதான், நிரந்தரம் ஆகவில்லை. அவருடைய சொந்த சித்தப்பா சங்கத்தில் கொடி பிடிப்பவர். அதனால் மாரிமுத்து வாயே திறக்க மாட்டார். எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு என்று அவருக்குத் தெரியும். காக்கிச் சட்டையை மட்டும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார்.

முதல் பேச்சுவார்த்தைக்குக் கிளம்பிய காலையில் ஜீப் கிளம்பவில்லை. பேட்டரி அறவே செத்திருந்தது. பத்துப் பேர் தள்ளினாலும் பயனில்லை, பெட்ரோலைப் பற்றவைக்கிற காயிலுக்குக் கொடுக்கவாவது கொஞ்சம் கரண்ட் வேண்டுமே. தாசில்தார் பஸ் பிடித்து, பாதி வழியில் இறங்கி, யாருடைய சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். மண்டை உடைந்தது. இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி, கேஸ்.

யோக்கியமான வண்டி

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் முறைப்படி பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி, சும்மா வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. ஆக, பேட்டரி நல்ல பேட்டரி. திரும்ப ஜீப்பில் மாட்டி, ஒரு டெர்மினலை மட்டும் கழற்றி, டெர்மினலுக்கும் ஒயருக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன். சுவிட்ச் எல்லாம் ஆஃபில் இருக்கும்போது வண்டிக்குள் எங்காவது கரண்ட் போனால் அந்த லேம்ப் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எரியவில்லை. கறுப்பாகவே உட்கார்ந்திருந்தது.

டைனமோ வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் கட்-அவுட். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன சாமான். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே அது ஒரு மதகு. இன்ஜின் ஓடும்போது அதன் இரண்டு பாயிண்டும் சேர்ந்து, டைனமோ கரண்டைப் பேட்டரிக்கு விடும். இன்ஜின் நின்றதும் பாயிண்ட் பிரிந்துவிட வேண்டும். பிரியாவிட்டால் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் பாய்ந்து வீணாகும். அதை நான் பார்க்காமலா விடுவேன்? மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பாயிண்ட் சமர்த்தாகப் பிரிந்து நின்றது. லேசாகக் கறுத்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன்.

சிரஸ்தார் பக்கத்திலேயே நின்றிருந்தார். தாலுகா ஆபீஸில் தாசில்தாருக்கு அடுத்த அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. கலவரம் நடந்ததிலிருந்து மேலிடத்தில் அவரைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டிய பாரம் அவரிடம் இருந்தது.

"என்ன பாய், என்னதான் கோளாறு?"

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க."

இதைத்தான் சொன்னேன். டெஸ்ட் லேம்ப் சொன்னதை நான் சொன்னேன். அவர் மாரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். மாரிமுத்து சக்கரத்தைப் பார்த்தார்.

சில நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு காலையில் மறுபடியும் பிணமாகக் கிடந்தது. மறுபடியும் நான் போனேன். பானெட்டை மூச்சுப் பிடித்துத் தூக்கி டமாரென்று சாய்த்தேன். சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரியை மாட்டி லேம்ப் வைத்தேன். எரியவில்லை. ஹாரன் ஒயர், லைட் ஒயர், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கட்-அவுட் மூடியைத் திறந்தேன், பாயிண்ட் பிரிந்தே நின்றது. இப்படி ஒரு யோக்கியமான வண்டியை நான் பார்த்ததே இல்லை.

சிரஸ்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேட்டரி நல்லா இருக்கு. வண்டியும் நல்லா இருக்கு. நீங்களே சொல்றீங்க. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் ஒழுங்கா இருக்கு, அப்புறம் படுத்துக்குது. அப்ப இது ஆளு பண்ற வேலைதானே பாய்?"

"சாவிய சாயங்காலமே நீங்க வாங்கி வெச்சுக்கிறீங்களே சார்?"

"ஹெட்லைட்டுக்கு சாவி எதுக்கு? ராத்திரி போட்டுவிட்டு விடியறதுக்குள்ள அணைச்சா முடிஞ்சுது. அவன் சித்தப்பன் யாரு தெரியுமில்ல? தாசில்தார் போய்ச் சேரக் கூடாதுன்னு யாருக்கு அக்கறை இருக்கும்?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க சார்."

"அடுத்த பேச்சுவார்த்தை நாளன்னிக்கு. அன்னிக்குக் காலையில வண்டி கெளம்பலன்னா நான் ஸ்டேஷனுக்கு ஆளனுப்பிடுவேன். அப்புறம் அவங்க விசாரிச்சுக்கட்டும்."

அந்த நாளில் காலனி ஆளை ஸ்டேஷனில் எப்படி விசாரிப்பார்கள் என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலையும் போகும், எலும்பும் போகும். அதற்குச் சாட்சி யார்? நான். என் வாயிலிருந்து வந்த 'ஒண்ணும் இல்லீங்க'. என் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆளை அடிக்கக் கொண்டுபோகப் போகிறார்கள்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் ஒரே போடாகப் போட்டாள்.

"அவங்க சண்டைக்குள்ள நீங்க ஏன் தலையக் குடுக்குறீங்க? நீங்க பாத்ததச் சொன்னீங்க. அதோட விடுங்க."

"நான் பாத்ததுதான் தப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு."

"அப்ப சரியாப் பாருங்க."

பெண்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள்.

பனி

பேச்சுவார்த்தை நாள். சுபுஹு என்கிற விடியல் தொழுகையை முடித்துவிட்டு நேரே கடைக்குப் போய், சார்ஜ் ஏற்றிய என் சொந்தப் பேட்டரி ஒன்றை சைக்கிள் கேரியரில் கட்டினேன். ஜீப் செத்துக் கிடந்தால் சிரஸ்தார் எழுந்து வருவதற்குள் பேட்டரியை மாற்றிக் கிளப்பிவிடலாம். கோளாறைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆளை முதலில் காப்பாற்றுவோம் என்பது என் திட்டம்.

விடிந்தும் விடியாத நேரம். நல்ல பனி. தாலுகா ஆபீஸ் வாசலுக்கு எதிரே சவுக்குக் கட்டைச் சாரத்தில் ஆளுங்கட்சித் தலைவரின் படம் பனை உயரத்துக்கு நின்றது. ஊரில் அதற்குப் பெயரும் கட்-அவுட்தான். அன்று சாயங்காலம் ஒரு மந்திரி வருவதாக இருந்தார். முந்தின இரவு பஸ் ஸ்டாண்டில் வைத்திருந்த இன்னொரு கட்-அவுட்டில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள். அதனால் இதற்குக் காவல். கரை வேட்டிகள் சில போர்த்திக்கொண்டு சாரத்தடியில் உட்கார்ந்திருந்தன. கட்சியின் ஊர்ச் செயலாளர் கையில் ஒரு தடி. தூக்கம் கெட்ட முகம், யார் மீதாவது பாயக் காத்திருந்தது.

நான் ஸலாம் வைத்துவிட்டு உள்ளே போனேன். வேப்ப மரத்தை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில்தான் ஜீப் நிற்கும். மாரிமுத்து ஏற்கெனவே வந்து துணியோடு நின்றிருந்தார். காலனியிலிருந்து இருட்டோடு நடந்தே வந்திருக்கிறார். காக்கிச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"செல்ஃப் போட்டுப் பாத்தீங்களா?"

"சாவி சிரஸ்தாரு வீட்டுல இருக்கு பாய். ஹாரன் அடிச்சுப் பாத்தேன். மூச்சு வரல."

நான் கேரியர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவர் எதுவுமே நடக்காதது மாதிரி ஜீப்பைத் துடைக்கத் தொடங்கினார். போகப் போகிற வேலை என்று தெரிந்தும் ஒரு மனிதன் வண்டி துடைக்கிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

"அதை விடுங்க மாரிமுத்து. இப்ப அதுவா முக்கியம்?"

"ஐயா ஏறும்போது ஈரமா இருக்கக் கூடாது பாய். இந்தப் பனிக்குத் துடைச்சு மாளல." அப்புறம் சும்மா பேச்சுக்குச் சொன்னார்: "இந்த ஓரம் மட்டும் வேலை மிச்சம். சில நாளு காய்ஞ்சே கெடக்கும்."

நான் கயிற்றை விட்டுவிட்டு வந்து பார்த்தேன். பானெட் முழுக்கப் பனி முத்து முத்தாக நின்றது. ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு, தகரம் காய்ந்து கிடந்தது.

"சில நாளுன்னா எந்த நாளு?"

அவர் யோசித்தார். துணி கையிலேயே நின்றது.

"வண்டி கெளம்பாத நாளு பாய்."

காய்ந்த இடத்தில் கையை வைத்தேன். சில்லென்று இல்லை. குனிந்து சக்கரத்தின் பக்கமாகக் கையை உள்ளே விட்டு டைனமோவைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. ரேடியேட்டர் ஐஸ் மாதிரி இருக்கிறது, இன்ஜின் ராத்திரி முழுக்க ஓடவில்லை, டைனமோ மட்டும் சுடுகிறது. அப்படியென்றால் பேட்டரி கரண்ட் அத்தனையும் ராத்திரி முழுக்க டைனமோவுக்குள் பாய்ந்திருக்கிறது. மதகு மூடவில்லை.

அந்த நேரத்து சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சந்தோஷம் வந்தால் எனக்குத் தொண்டை பெரிதாகிவிடும். ஆபீஸ் வளாகமே அதிரக் கத்தினேன்.

"கட்-அவுட்டுய்யா! எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கட்-அவுட்டுதான்! அதப் புடுங்கி எறிஞ்சாத்தான் மாரிமுத்து உனக்கு விடிவு காலம்!"

இரண்டு கட்-அவுட்

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன், யார் காதில் விழும்படி சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

கரை வேட்டிகள் உள்ளே ஓடி வந்தன. செயலாளர் முன்னால் வந்தார்.

"எவன்டா கட்-அவுட்டப் புடுங்குறவன்?"

"நான்தாங்க சொன்னேன்" என்று கையைத் தூக்கினேன். உண்மையாகவே தூக்கினேன். என்னை விலக்கிவிட்டுப் போய் மாரிமுத்துவின் சட்டையைப் பிடித்தார்கள்.

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொன்னது நான். சத்தம் என் சத்தம். ஊருக்கே தெரிந்த சத்தம். ஆனால் பிடித்தது அவரை. இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

"நேத்து பஸ் ஸ்டாண்டுல சாணி ஊத்தினது நீதானடா? உன் சித்தப்பன் ஏவிவிட்டானா?"

"இல்லீங்கண்ணே... எனக்குத் தெரியாதுங்கண்ணே..."

சட்டைப் பை கிழிகிற சத்தம் கேட்டது. நான் நடுவில் புகுந்தேன்.

"அண்ணே, அண்ணே! தலைவரப் பத்திப் பேசலண்ணே! இது ஜீப்புக்குள்ள இருக்குற கட்-அவுட்டு!"

"ஜீப்புக்குள்ள எதுக்குய்யா கட்-அவுட்டு? யாரு காதுல பூ சுத்துற?"

"சின்னதுண்ணே. கரண்டு சாமான். அதுக்கும் பேரு கட்-அவுட்டுதான். அல்லா மேல சத்தியமா."

"இருந்தாக் காட்டு. இப்பவே காட்டு. இல்லேன்னா இவன இங்கேருந்து முழுசா அனுப்ப மாட்டோம்."

சத்தம் கேட்டு சிரஸ்தார் குவார்ட்டர்ஸிலிருந்து வந்துவிட்டார், கையில் ஜீப் சாவி. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி செத்துப்போச்சா?" செத்துவிட்டது என்றதும் அவர் முகம் வெளுத்தது. "ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று அங்கே நின்ற பியூனிடம் சொன்னார். இன்றைக்கும் தாசில்தார் போய்ச் சேராவிட்டால் வயலில் உயிர்ப் பலி விழும் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

"சார், ஒரே நிமிஷம். கோளாறு கெடச்சிருச்சு. காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு பானெட்டில் கை வைத்தேன். மூச்சைப் பிடித்தேன். தூக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் நான் என்ன செய்தேன்? இதே பானெட்டைத் தூக்கி டமாரென்று சாய்த்தேன். அந்த அதிர்ச்சியில், ஒட்டிக்கொண்டு கிடந்த பாயிண்ட் பிரிந்துவிட்டிருக்கிறது. அப்புறம் நான் லேம்ப் வைத்தால் எப்படி எரியும்? மூடியைத் திறந்தால் பாயிண்ட் ஏன் சேர்ந்திருக்கும்? திருடனைப் பிடிக்க வந்தவன் ஒவ்வொரு தடவையும் வாசலில் தவிலடித்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன். இப்போதும் அதே மாதிரி திறந்தால் போச்சு. பாயிண்ட் பிரிந்து நிற்கும். வண்டி யோக்கியமாகிவிடும். மாரிமுத்து சாணி ஊற்றியவரும் ஆவார், பேட்டரி இறக்கியவரும் ஆவார்.

"ஏன் நிக்கிற? தொறய்யா" என்றார் செயலாளர்.

"அண்ணே, ஒரு உதவி பண்ணணும். இதை அதிராமத் தொறக்கணும். எனக்கு ஒத்தையில முடியாது. நாலு பேரு புடிங்க."

"வெளையாடுறியா?"

"அதிர்ந்தா நான் காட்ட வேண்டியது ஓடிப்போயிடும்ணே. உங்க ஆளுங்களே புடிக்கட்டும். அப்புறம் நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு நீங்க சொல்ல முடியாதுல்ல?"

கடைசி வார்த்தை வேலை செய்தது. செயலாளர் தடியைக் கீழே போட்டார். கரை வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு பேர் நான்கு மூலைக்கு வந்தார்கள். துருவேறிய கீலுக்கு நான் எண்ணெய் விட்டேன். "மெதுவா... மெதுவா..." என்று நான் சொல்லச் சொல்ல, கொஞ்ச நேரம் முன்பு ஓர் ஆளின் சட்டையைக் கிழித்த கைகள் அந்த பானெட்டைத் தூளிக் குழந்தையை எடுப்பது போல எடுத்துச் சாய்த்தன. கீல் ஒரு தடவை 'கிரீச்' என்றது. என் உயிர் போய் வந்தது.

கட்-அவுட் பெட்டியின் மூடியில் சின்ன ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. மாரிமுத்து எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூடி கழன்றது.

பாயிண்ட் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் எதையும் தொடவில்லை. "எல்லாரும் பாத்துக்குங்க. இதுதான் கட்-அவுட்டு. வண்டி நிக்கும்போது இந்த ரெண்டும் பிரிஞ்சு இருக்கணும். இப்ப ஒட்டிக்கிட்டு இருக்கு. சார், நீங்க கையக் குடுங்க" என்று சிரஸ்தாரின் கையைப் பிடித்து டைனமோ மேல் வைத்தேன். அவர் கையை எடுக்கவே இல்லை. அடுத்து செயலாளர் வைத்தார். "ஆமாய்யா, சுடுது" என்றார். அதற்குள் தாசில்தாரும் வந்து சேர்ந்திருந்தார். அவரும் வைத்துப் பார்த்தார்.

தீக்குச்சியின் நுனியைப் பாயிண்டுக்கு நடுவில் கொடுத்தேன். 'டிக்'. சாகக் கிடந்த பேட்டரியில் மிச்சமிருந்த கரண்ட், ஒரு துளி நீல வெளிச்சமாகத் தெறித்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"இம்மாத்தூண்டு சாமானுக்கு எதுக்குய்யா கட்-அவுட்டுன்னு பேரு வெச்சீங்க?" என்றார் செயலாளர். நான் வைத்த பெயரா அது? மாரிமுத்துவின் சட்டையிலிருந்து அவருடைய ஆட்கள் எப்போது கையை எடுத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அதைப் பிரித்து இழுக்கிற ஸ்ப்ரிங் தளர்ந்து போயிருந்தது, அதை நிமிர்த்தி இறுக்கினேன். என் பேட்டரியை மாட்டினேன். சிரஸ்தார் சாவியை நீட்டினார். மாரிமுத்து செல்ஃப் போட்டார், ஜீப் பிடித்துக்கொண்டது. அணைக்கச் சொல்லிப் பாயிண்டைப் பார்த்தேன். பிரிந்தது. மறுபடியும் ஓடவிட்டு அணைக்கச் சொன்னேன். பிரிந்தது. எனக்கு நம்பிக்கை வருகிற வரையில் செய்யச் சொன்னேன். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சட்டையை மாத்திட்டு வாப்பா" என்றார் சிரஸ்தார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"நேரமாகுது சார். ஐயா போவணும்" என்றார் மாரிமுத்து. பை கிழிந்து தொங்கிய சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். தாசில்தார் ஏறிக்கொண்டார். ஜீப் போய்விட்டது. நான் அங்கேயே வேப்ப மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பேச்சு முடிந்தது. கூலி உயர்வு சங்கம் கேட்டதில் பாதி, மிராசுகள் சொன்னதைவிடக் கூட. அறுப்பு தொடங்கியது. இரண்டு பக்கமும் தாசில்தாரைத் திட்டினார்கள் என்று கேள்வி. அப்படியென்றால் நல்ல தீர்ப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மாரிமுத்து கேட்டது

அறுப்பு முடிந்து வைக்கோல் வண்டிகள் போய்க்கொண்டிருந்த சமயம். என் பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க மாரிமுத்து கடைக்கு வந்தார். ஜீப்புக்குச் சொந்தப் பேட்டரியே போதும், இப்போது இறங்குவதே இல்லை என்றார். நான் டீ சொன்னேன். உண்மையைச் சொன்னால், அவர் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஆளைக் காப்பாற்றியவன் என்று நான் எனக்கே மாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா பாய்?"

"கேளுங்க."

"இது சித்திரை மாசமா இருந்திருந்தா? பனி இருந்திருக்காதுல்ல?"

"ஆமா."

"அப்ப பானெட்டு எல்லாப் பக்கமும் காய்ஞ்சுதான் கெடக்கும். நானும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்களும் கையை வெச்சுப் பாத்திருக்க மாட்டீங்க."

நான் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"வண்டியில கோளாறு கெடைக்கலன்னா நான் திருடன்தானா பாய்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வைக்கோல் வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்து போனார். பல வருடம் கழித்து அவர் நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றார் என்று துபாயில் இருந்தபோது தெரிந்துகொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இப்போது கையில் மீட்டரோடு வருகிறார்கள். நல்லது, என் டெஸ்ட் லேம்ப்பைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மீட்டர் பூஜ்யம் காட்டியதும் 'வண்டியில் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். 'எனக்கு இன்னும் கிடைக்கவில்லை' என்று சொல்லுங்கள். முன்னது தீர்ப்பு, பின்னது உண்மை. மரியாதை குறையுமே என்று கூச்சமாக இருந்தால், வாயைத் திறப்பதற்கு முன் ஒன்றே ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்த வண்டியை ஓட்டுகிறவர் யார்?